பிப்ரவரி இருபத்தொன்பதும் கம்ப்யூட்டரும்

கையை முஷ்டியாக மடக்கி, மேடு பள்ளம் பார்த்து மாதங்களை எண்ணும் வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். மேட்டில் விழுந்தால் முப்பத்தொரு நாள், பள்ளத்தில் விழுந்தால் முப்பது. ஜூலையோடு ஒரு சுற்று முடிந்து, ஆகஸ்ட் மறுபடியும் முதல் மேட்டில் தொடங்கும். பிப்ரவரி மட்டும் பள்ளத்திலும் பள்ளம். இருபத்தெட்டு நாள், லீப் வருடம் வந்தால் இருபத்தொன்பது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இந்தக் கணக்கில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்கள் தடுமாறி விழுந்திருக்கின்றன. 2024 பிப்ரவரி 29 அன்று நியூசிலாந்து நாட்டில் பல பெட்ரோல் பங்க்குகளில் தானாகப் பணம் வாங்கும் இயந்திரங்கள் வேலை செய்யவில்லை. காரணம் வேறொன்றுமில்லை. அன்றைய தேதியை அந்த மென்பொருள் எதிர்பார்க்கவில்லை! நாலு வருடத்துக்கு முன்பே காலண்டரில் அச்சாகிவிட்ட தேதி அது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். 1990களில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, பாலங்களையும் பாயிண்ட்டுகளையும் அடுத்து எந்தத் தேதியில் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் சிறிய ப்ரோகிராம் ஒன்றை ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதினேன். முதல் ஒரு வருடம் ரிஜிஸ்டரையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். அப்போது ஏற்பட்ட ஆர்வம் இன்னும் விடவில்லை. நம் சங்கத்துக் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார்கள். மீதிப் பேர் கம்ப்யூட்டர் சொல்லும் தேதியை நம்பி டிக்கெட்டும் டெபாசிட்டும் போடுகிறோம். இரு சாராருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

ஒரு நாள் ஏன் கூடுகிறது?

சூரியனைச் சார்ந்த பருவங்கள் ஒரு சுற்று வர 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி ஆகிறது. இந்த மிச்சத்தை ஏறக்குறைய ஆறு மணி என்று வைத்துக்கொண்டு, நாலு வருடத்துக்கு ஒரு நாள் கூட்டும் வழக்கத்தை ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் கொண்டுவந்தார். கி.மு. 45 முதல் அந்த நாட்காட்டி நடப்புக்கு வந்தது. ஆனால் உண்மையில் ஆறு மணிக்குப் பதினோரு நிமிடம் குறைவு. பதினோரு நிமிடம்தானே என்று விட்டால், 128 வருடத்தில் ஒரு நாள் ஆகிவிடுகிறது.

இப்படிச் சேர்ந்த பிழையை 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி சரி செய்தார். அந்த வருடம் அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. இனிமேல் பிழை சேராமலிருக்க ஒரு விதியும் வந்தது. நாலால் வகுபடும் வருடம் லீப் வருடம். ஆனால் நூறால் வகுபட்டால் இல்லை. அந்த நூறாவது வருடம் நானூறாலும் வகுபட்டால் மறுபடியும் உண்டு. அதனால் 1900 லீப் வருடம் இல்லை, 2000 லீப் வருடம், 2100 இல்லை. நானூறு வருடத்தில் 97 லீப் வருடங்கள். மொத்தம் 1,46,097 நாட்கள். இதை ஏழால் வகுத்தால் மிச்சமின்றி 20,871 வாரம். ஆகவே நானூறு வருடத்துக்கு ஒரு முறை காலண்டர் கிழமை உட்பட அப்படியே திரும்பி வரும்.

பிரிட்டனும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களும் இந்த மாற்றத்தை 1752-இல்தான் ஏற்றன. அங்கே செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918-இல்தான் மாறியது. எனவே பழைய ஆவணங்களின் தேதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள், எந்த நாட்டுத் தேதி, எந்த நாட்காட்டி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் பஞ்சாங்கத்தில் இந்தத் தொல்லை உண்டா?

லீப் வருடம் என்று தனியாக ஒன்று தமிழ்ப் பஞ்சாங்கத்தில் இல்லை. சூரியன் ராசி மாறுவதை வைத்தே மாதம் பிறப்பதால், மாதங்கள் 29 நாளிலிருந்து 32 நாள் வரை தாமாகவே நீண்டும் குறுகியும் வரும். வாக்கியப் பஞ்சாங்கத்தின் வருடக் கணக்கு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை. கடிகாரத்தில் சொன்னால் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 விநாடி. இது ஆங்கில வருடத்தைவிடச் சற்று நீளம். அதனால்தான் சித்திரை முதல் தேதி ஆங்கிலக் காலண்டரில் அறுபது வருடத்துக்குச் சுமார் ஒரு நாள் வீதம் மெல்ல நகர்ந்துகொண்டே வருகிறது.

வானொலியிலும் அரசிதழிலும் வரும் சக ஆண்டு 1957 மார்ச் 22 முதல் அரசின் தேசிய நாட்காட்டி. அதில் லீப் வருட விதி உண்டு. சக ஆண்டோடு 78-ஐக் கூட்டி வரும் ஆங்கில வருடம் லீப் வருடமானால், சைத்ர மாதத்துக்கு 31 நாள். வருடப் பிறப்பும் மார்ச் 22-க்குப் பதிலாக 21-இல் வரும்.

ஆனால் நம் பஞ்சாங்கக்காரர்களிடமிருந்து கம்ப்யூட்டர் எழுதுகிறவர்கள் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர்கள் கிரக நிலையைக் கணிக்கும்போது மாதத்தையும் வருடத்தையும் வைத்துத் தடவிக்கொண்டிருப்பதில்லை. கலியுகம் பிறந்ததாகக் கொள்ளும் கி.மு. 3102 பிப்ரவரி 18 முதல் இன்று வரை எத்தனை நாள் என்று ஒரே எண்ணாக எடுத்துக்கொள்வார்கள். அதற்குக் கலி தினம் என்று பெயர். 2000 ஜனவரி முதல் தேதியன்று அந்த எண் 18 லட்சத்து 63 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. மாதம் நீண்டதா குறைந்ததா என்ற கவலை அந்த எண்ணுக்கு இல்லை. நேற்றைவிட இன்று ஒன்று கூட, அவ்வளவுதான்.

ரயில் பாதையும் கிலோமீட்டர் கல்லும்

எங்கள் பாஷையில் சொல்கிறேன். ரயில் பாதை ஓரத்தில் கிலோமீட்டர் கல் நட்டிருப்பதை ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லுக்கும் நடுவே ஆயிரம் மீட்டர் என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஏதாவது ஒரு காலத்தில் பாதையின் வளைவை மாற்றி நேராக்கியிருந்தால், அந்த இடத்தில் தூரம் குறைந்துவிடும். அதற்காக அடுத்த நூறு மைல் கல்லையும் பிடுங்கி நட முடியாது. எனவே அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் எண்ணூற்றுச் சொச்சம் மீட்டராக நின்றுவிடும். இதற்குக் குறைந்த கிலோமீட்டர் என்றே பெயர். நீண்ட கிலோமீட்டரும் உண்டு. புதிதாக வந்த இன்ஜினியருக்கு இந்த இடங்களை முதலிலேயே சொல்லிவிடுவோம். கல்லின் எண்ணைக் கழித்துத் தூரம் கண்டால் தண்டவாளம் கணக்கில் உதைக்கும்.

பிப்ரவரி ஒரு குறைந்த கிலோமீட்டர். லீப் வருடப் பிப்ரவரி அதிலேயே சற்று நீட்டப்பட்டது. தேதி என்பது கல்லின் பெயர். அது தூரம் அல்ல. இரண்டு தேதிக்கு நடுவே உள்ள தூரம் வேண்டுமானால், இரண்டையும் ஒரே பூஜ்யத்திலிருந்து அளந்து, பிறகு கழிக்க வேண்டும். கம்ப்யூட்டர்களும் உள்ளுக்குள் அப்படித்தான் செய்கின்றன. யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி முதல் தேதியிலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. எக்ஸெல், 1900 ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது.

எக்ஸெலில் ஒரு வேடிக்கை உண்டு. 60 என்று ஒரு கட்டத்தில் அடித்து அதைத் தேதியாக மாற்றச் சொன்னால், 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் உலகத்தில் இருந்ததே இல்லை! 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. அதில் போட்ட கணக்குகள் எக்ஸெலிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தத் தவறையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். இன்று திருத்தினால் உலகத்தில் உள்ள அத்தனை எக்ஸெல் தாள்களின் தேதிகளும் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் யாரும் தொடவில்லை. 1900 மார்ச் முதல் தேதிக்குப் பிறகு கணக்கு சரியாக வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக் கிழமைகள் தவறு. ஒருவர் விட்ட தவறு வழக்கமாகி, பிறகு சட்டமாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

விழுந்த இடங்கள்

கம்ப்யூட்டர்கள் விழுந்த இடங்களைப் பார்த்தால், மூன்று பள்ளங்களில்தான் திரும்பத் திரும்ப விழுந்திருக்கின்றன.

முதல் பள்ளம் நூற்றாண்டு விதி. 2000-ஆம் வருடத்தில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். நாலால் வகுத்தால் போதும் என்று மட்டும் தெரிந்தவருக்கு அந்த வருடம் விடை சரியாக வந்தது. மூன்று விதியும் தெரிந்தவருக்கும் சரியாக வந்தது. நூறால் வகுபட்டால் லீப் இல்லை என்பது வரை தெரிந்து, நானூறைத் தெரியாதவர்தான் மாட்டிக்கொண்டார். 2100-இல் கதை மாறும். அன்று நாலு மட்டும் தெரிந்தவர் விழுவார்.

இரண்டாவது பள்ளம் 366-ஆவது நாள். பிப்ரவரியைத் தாண்டிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தவர்களை டிசம்பர் 31 பிடித்துக்கொள்ளும். 1996 டிசம்பர் 31 நள்ளிரவில் நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய ஆலையில் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒட்டுமொத்தமாக நின்றன. இரண்டு மணி நேரம் கழித்து, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் அதே மென்பொருளை வைத்திருந்த ஆலையிலும் நள்ளிரவு வந்தது, அங்கேயும் நின்றன. உருக்கும் தொட்டிகள் அளவு மீறிச் சூடாகிச் சேதமடைந்தன. வருடத்துக்கு 366 நாள் இருக்கக்கூடும் என்பதை அந்த மென்பொருள் அறியவில்லை.

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஜூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவிகள், முப்பது ஜிபி மாடல் அத்தனையும், ஒரே நாளில் உறைந்து நின்றன. அதன் உள்ளே இருந்த கணக்கு இப்படி: நாட்கள் 365-க்கு மேல் இருந்தால் ஒரு வருடத்தைக் கழி, லீப் வருடமானால், 366-க்கு மேல் இருந்தால் மட்டும் கழி. சரியாக 366 என்று வந்த அன்று, 365-க்கு மேல் என்பதால் வெளியே போகவும் முடியவில்லை. 366-க்கு மேல் இல்லாததால் கழிக்கவும் முடியவில்லை. செக்கு மாடு போல அதே இடத்தில் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் ஜனவரி பிறந்ததும் தானே சரியாகிவிட்டது.

மூன்றாவது பள்ளம், வருட எண்ணோடு ஒன்றைக் கூட்டுவது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாஃப்ட்டின் அஷூர் என்ற பெரிய கம்ப்யூட்டர் சேவை பல மணி நேரம் படுத்துவிட்டது. ஒரு வருடம் செல்லுபடியாகும் பாதுகாப்புச் சான்றிதழை அது தயாரிக்கும்போது, தேதியையும் மாதத்தையும் அப்படியே வைத்து வருடத்தில் மட்டும் ஒன்றைக் கூட்டியது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இல்லை. சான்றிதழ் பிறக்கவில்லை, அதை நம்பியிருந்த இயந்திரங்களும் எழவில்லை.

"பாப்பா பிறந்த தேதியே இல்லைங்குது, சார்"

ஆலையும் பாட்டுப் பெட்டியும் எங்கோ தூரத்தில். நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் 2000 பிப்ரவரி 29-இல் பிறந்தவள். 2017-இல் மேற்படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, அந்த இணையப் படிவம் பிறந்த தேதியை ஏற்க மறுத்தது. எத்தனை முறை போட்டாலும் தவறான தேதி என்று சிவப்பெழுத்து. கடைசி நாளுக்கு இன்னும் நாலு நாள்தான். படிவம் நிரப்பித் தரும் கடைக்காரர், "இருபத்தெட்டுன்னு போட்டுடுங்க, ஒரு நாள்தானே?" என்றாராம். அன்பர் என்னிடம் போனில், "சார், பாப்பா பிறந்த தேதியே இல்லைங்குது கம்ப்யூட்டர். இருபத்தெட்டுன்னு போட்டுடட்டுமா?" என்று கேட்டார்.

"போடாதீங்க" என்றேன். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, கல்லூரியில் வேறொன்று என்று ஆனால், பிறகு பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அலைவது அந்தப் பெண்தான். ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்றவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. ஒரு திருத்தத்துக்காகப் பிறந்த ஊர் நகராட்சி வரை ரயிலேறிப் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழின் நகலோடு நேரில் போய், எழுத்து மூலமாக மனு கொடுக்கச் சொன்னேன். கூடவே, 2000 ஏன் லீப் வருடம் என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். மனுவை வாங்கிக்கொண்டு, காகிதப் படிவத்தில் சரியான தேதியோடு விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெண் படித்து இப்போது வேலையில் இருக்கிறாள். எல்லாச் சான்றிதழிலும் ஒரே தேதி.

நூறு தெரிந்து நானூறு தெரியாத யாரோ ஒருவர் எழுதிய ஒரு வரி. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை. ப்ரோகிராம் எழுதும் நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீங்கள் எழுதும் வரியின் அந்தப் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார்.

மார்ச்சில் தொடங்கினால் கணக்கு எளிது

தேதியை நாள் எண்ணாக மாற்ற ஓர் அழகான வழி இருக்கிறது. பழைய ரோமானியர்களுக்கு வருடம் மார்ச்சில் பிறந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற பெயர்களுக்கு ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று அர்த்தம் வருவது அதனால்தான். நாமும் வருடம் மார்ச்சில் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், பிப்ரவரி கடைசி மாதம் ஆகிவிடும். கூடுதல் நாள் வருடத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். வேறு எந்த மாதத்தையும் தொந்தரவு செய்யாது.

மார்ச்சுக்கு 0, ஏப்ரலுக்கு 1 என்று எண்ணி, ஜனவரிக்கு 10, பிப்ரவரிக்கு 11 என்று மாத எண் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரி என்றால் வருடத்தில் ஒன்றைக் குறையுங்கள். பிறகு நாலு படி:

1. வருடத்தை 365-ஆல் பெருக்கவும்.
2. வருடத்தை 4-ஆல் வகுத்த ஈவைக் கூட்டவும். 100-ஆல் வகுத்த ஈவைக் கழிக்கவும். 400-ஆல் வகுத்த ஈவைக் கூட்டவும். மிச்சத்தை விட்டுவிடவும்.
3. மாத எண்ணை 153-ஆல் பெருக்கி, 2 கூட்டி, 5-ஆல் வகுத்த ஈவைக் கூட்டவும்.
4. தேதியைக் கூட்டவும்.

சுதந்திரம் கிடைத்த 1947 ஆகஸ்ட் 15-ஐப் போட்டுப் பார்ப்போம். 1947 × 365 = 7,10,655. அதோடு 486 கூட்டி, 19 கழித்து, 4 கூட்டினால் 7,11,126. ஆகஸ்ட் மாத எண் 5. மூன்றாவது படியில் 153 வருகிறது. தேதி 15. மொத்தம் 7,11,294.

குடியரசான 1950 ஜனவரி 26-க்கு, வருடத்தை 1949 என்றும் மாத எண்ணை 10 என்றும் எடுக்க வேண்டும். இதே முறையில் 7,12,189 வரும். இரண்டையும் கழித்தால் 895. சுதந்திரத்துக்கும் குடியரசுக்கும் நடுவே 895 நாள். இடையில் வந்த 1948-இன் பிப்ரவரி 29 தானாகவே அதில் அடங்கிவிட்டது. அதைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. இந்த எண்ணை ஏழால் வகுத்த மிச்சமே கிழமை. மிச்சம் 0 வந்தால் செவ்வாய், 1 புதன், 2 வியாழன், 3 வெள்ளி, 4 சனி, 5 ஞாயிறு, 6 திங்கள். 7,11,294-க்கு மிச்சம் 3. சுதந்திர நாள் வெள்ளிக்கிழமை. 7,12,189-க்கு மிச்சம் 2; குடியரசு நாள் வியாழக்கிழமை.

கணக்கு வேறு, ஒப்பந்தம் வேறு

நாட்களை எண்ணுவது கணக்கு. அதற்கு ஒரே விடைதான். ஆனால் "ஒரு வருடம் கழித்து", "ஒரு மாதம் கழித்து" என்பது கணக்கு அல்ல. மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம். பிப்ரவரி 29-க்கு ஒரு வருடம் கழித்து எந்த நாள்? இன்றைய மூன்று பிரபல கம்ப்யூட்டர் மொழிகளைக் கேட்டுப் பாருங்கள். வருட எண்ணை மட்டும் மாற்றச் சொன்னால் பைத்தான், அப்படி ஒரு தேதி இல்லை என்று மறுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மார்ச் 1 என்று சொல்லும். ஜாவாவில் ஒரு வருடம் கூட்டினால் பிப்ரவரி 28 வரும். மூன்று மொழி, மூன்று விடை. எதுவும் தவறல்ல. எது வேண்டும் என்று தீர்மானிப்பது நம் வேலை. அதைத் தீர்மானிக்காமல் விட்டால் இயந்திரம் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கும்.

நம் அரசாங்க விதிகளை எழுதிய பழைய குமாஸ்தாக்கள் இதில் கெட்டிக்காரர்கள். மத்திய அரசு ஊழியர் ஒருவர் அறுபது வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு பெறுகிறார். பிப்ரவரி 29-இல் பிறந்தவராக இருந்தாலும் சிக்கலே இல்லை. மாதக் கடைசி எதுவோ அதுதான். ஒன்றாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். 1960 மார்ச் 1-இல் பிறந்தவர் 2020 பிப்ரவரி 29-இல் ஓய்வு பெற்றார். 1961 மார்ச் 1-இல் பிறந்தவர் 2021 பிப்ரவரி 28-இல். எண்பது வயதில் தொடங்கும் கூடுதல் பென்ஷனும் அந்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து என்றுதான் வைத்திருக்கிறார்கள். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் விதி எழுதினால் ப்ரோகிராமும் சுலபம்.

மாதத் தவணையிலும் ஒரு நுட்பம். ஜனவரி 31-இல் தொடங்கும் தவணை பிப்ரவரியில் 28 ஆகும். அந்த 28-லிருந்து அடுத்த மாதத்தைக் கணக்கிட்டால் மார்ச் 28. அதன் பிறகு என்றைக்கும் 28-தான். முதலில் போட்ட 31-லிருந்தே ஒவ்வொரு முறையும் கணக்கிட்டால்தான் மார்ச் 31-க்குத் திரும்பும். டெபாசிட் பத்திரத்தில் தினசரி வட்டி என்று இருந்தால், லீப் வருடத்தில் 365-ஆல் வகுக்கிறார்களா 366-ஆலா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29-இல். 1900 லீப் வருடம் இல்லாததால், அவருடைய முதல் அசல் பிறந்த நாள் எட்டு வயதில்தான் வந்தது. அதே 1904 பிப்ரவரி 29-இல்தான் மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். ஊருக்குப் போகும் டிக்கெட் எடுக்கும் நமக்கும் இந்த ஒரு நாள் கணக்கில் வரும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். சித்திரைப் பிறப்புக்காக ஏப்ரல் 10-இல் கிளம்புவதானால், சாதாரண வருடத்தில் பிப்ரவரி 9 காலையில் முன்பதிவு திறக்கும். இதே விதி நீடித்தால் 2028-இல் அது பிப்ரவரி 10. பொங்கலுக்கு ஜனவரி 12-இல் கிளம்புகிறவருக்கு எந்த வருடமானாலும் நவம்பர் 13. இடையில் பிப்ரவரி இல்லையே!

இளைஞர்களுக்கு ஒரு சோதனைப் பட்டியல்

தேதி வரும் எந்த ப்ரோகிராமையும் வெளியே விடுமுன் இந்தத் தேதிகளைப் போட்டுப் பாருங்கள்.

லீப் வருடத்தின் பிப்ரவரி 28, 29, மார்ச் 1. லீப் வருடத்தின் டிசம்பர் 31. சாதாரண வருடத்தின் பிப்ரவரி 28-க்கு மறுநாள். 2000 பிப்ரவரி 29-ஐ ஏற்க வேண்டும். 1900, 2100 பிப்ரவரி 29-ஐ மறுக்க வேண்டும். 31-ஆம் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். பழைய 32 பிட் கம்ப்யூட்டர்களில் விநாடி எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு நிரம்பிவிடும். நீண்ட காலக் கடன், காப்பீடு எழுதுகிறவர்கள் அந்தத் தேதியையும் தாண்டிப் பார்க்க வேண்டும். வருடத்தை எப்போதும் நாலு இலக்கத்தில் எழுதுங்கள். லீப் வருட விதியை நீங்களே மறுபடி எழுதாமல், மொழியோடு வரும் தேதிக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது இல்லாத தேதியை என்ன செய்யும் என்று படித்துத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

2096-க்குப் பிறகு அடுத்த பிப்ரவரி 29 வருவது 2104-இல்தான். இன்று நம் சங்கத்தின் பாலர் வகுப்பில் தமிழ் எழுத்துப் பழகும் குழந்தைகள் 2100-ஐத் தாத்தா பாட்டிகளாகப் பார்ப்பார்கள். 1983-இல் விட்ட ஒரு தவறு இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்த்தோம். இன்று நம் பிள்ளைகள் எழுதும் ப்ரோகிராமும் அன்று எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, குழந்தைகளுக்கு ஒரு கணக்கு. அடுத்த பிப்ரவரி 29 வருவது 2028-இல். அன்று என்ன கிழமை? மேலே சொன்ன நாலு படியில் போட்டுப் பாருங்கள். வருடம் 2027, மாத எண் 11 என்று எடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம். 7,40,712 வந்தால் கணக்கு சரி. அதை ஏழால் வகுத்து, கிழமையை நீங்களே சொல்லுங்கள். பிறகு செல்போனில் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.